பிரேக் விளக்குக்கு வைத்த பெரிய பொட்டு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆனால் ஒரு காரின் பிரேக்குக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது தெரியாத்தனமாக என்னிடம் கேட்டுவிட்டால் அவர்கள் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று என் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சிவப்பு விளக்குக்கு நான் எவ்வளவு நன்றியோடு இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். மீதி நாளில் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் தையல்காரி. கல்யாணக் கவுன் தைப்பதில் ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை எனக்கு ஒரு பேர் இருந்தது. என் பெருமையை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இருந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். வாங்கியது என் கணவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளை நிறம், நல்ல நீளம், எங்கள் சந்துக்குள் நுழையவே முடியாத அகலம். தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, "எப்டி கீது?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தையலைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த வாரமே கப்பல் ஏறிவிட்டார். போகும்போது, "சும்மா நிக்க வேணாம். கல்யாணத்துக்கு வுடு" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் இருந்தாலும் யோசனை நல்ல யோசனைதான். கவுனுக்கு அளவு கொடுக்க வரும் வீட்டார் காருக்கும் என்னிடமே சொல்லிவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பெண்ணின் அம்மா என்னையும் முன்சீட்டில் உட்கார்ந்து வரச் சொல்வார். கவுன் கசங்காமல் பெண்ணை ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டுமே.

ஓட்டுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு பொம்பளையிடம் வேலைக்கு வர யாருக்கும் இஷ்டமில்லை. கடைசியில் எங்கள் தெருக்கோடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பெரியவர். நான் "அண்ணே" என்பேன், அவர் "தங்கச்சி" என்பார். என் நல்ல மனசால் கூப்பிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஏன் யாரும் வேலை தரவில்லை என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன், துறைமுகத்திலிருந்து கோதுமை மூட்டை ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வரும் வழியில் அவர் லாரியில் பிரேக் போய்விட்டது. மிதித்த மிதி பலகை வரைக்கும் போனதாம். கூட்டத்துக்குள் புகாமல் இருக்க வண்டியை ஒடித்து ஒரு குடோன் சுவரில் மோதவிட்டார். சுவரோரம் நின்றிருந்த கைவண்டிக்காரர் ஒருவரின் கால் மாட்டிக்கொண்டது. அவர் உயிர் பிழைத்தார், கால் நேராகவில்லை. லாரியை அதன் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் அதிகாரிகள் வந்து மிதித்துப் பார்த்தபோது பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஷெட்டை மேற்பார்த்த மேஸ்திரி, "பிரேக்கு நல்லாத்தான் கீது சார். நான்தான் பாத்து அனுப்ச்சேன்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? தூங்கிவிட்டான், குடித்துவிட்டு ஓட்டினான், பிரேக் மேல் பழி போடுகிறான் என்று ஆளுக்கொரு கதை. அந்த மனிதர் குடிக்கவே மாட்டார். துறைமுகத்து லாரி டிரைவர் குடிக்க மாட்டார் என்று சொன்னால் எவன் நம்புவான்? பறித்த லைசென்ஸைச் சில மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பேரை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் காரை முதல் சில மாதம் அவர் ஓட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போகும். கிளம்புமுன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பார். தெருமுனை வருவதற்கு வெகுமுன்பே மிதிப்பார். குறுக்கே யாரும் வராதபோதும் மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் பின்சீட்டில் பெண்ணின் தலையிலிருக்கும் பூக்கிரீடம் மூக்குக்கு இறங்கும். "அண்ணே, நம்ப கல்யாணத்துக்குப் போய்க்கினு கீறோம், காரியத்துக்கு இல்ல" என்பேன். "இன்னா பண்றது தங்கச்சி, கால் நம்ப மாட்டேங்குது" என்பார். அதைக் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அடுத்த சவாரியில் மறுபடி கேலி செய்வேன். என் வாய் அப்படி.

ஒரு நாள் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்து டயரோரம் ஈரமாக இருந்தது. தண்டையார்பேட்டையில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்துக்குள் இருந்த ரப்பரை மாற்றி, ஆயில் ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்தார். காற்று எடுப்பது என்றால் வேறொன்றுமில்லை: சக்கரத்தருகே ஒரு சின்ன நிப்பிள் இருக்கும், ஒருவர் அதைத் திறந்துவிட, இன்னொருவர் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆயிலோடு சேர்ந்து காற்றும் வெளியே வந்துவிடும். மிதித்தது எங்கள் டிரைவரண்ணன். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிகிறது. அதுவரை நான் கவனித்தே இராத விளக்கு. இன்ஜின் கிளம்பியும் அது அணையவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"பிரேக்கு கல்லு மாரி கீதுக்கா. வெளக்குதான் லூசு," என்றார் மெக்கானிக். "ஒயர புடுங்கி வுட்டா பேஜாரு தீந்துச்சு."

கையில் கட்டரை எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வீட்டில் ஒரு கவுனுக்குப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க வேண்டியிருந்தது. போனால் போதும் என்றிருந்தேன்.

"அத்தத் தொடாத மாமு," என்றார் டிரைவரண்ணன்.

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மெக்கானிக்கும் கையை நிறுத்திவிட்டார்.

"பிரேக்கு நல்லா கீதுன்ற. சர்தான். நாளைக்கு அது பூட்ச்சினா எனக்கு யார் சொல்வா? அன்னிக்கு லாரில எனக்கு யார் சொன்னா? கால் எறங்குன அப்பறம்தான தெரிஞ்சுது. இதுல எவனோ ஒருத்தன், முன்னாடியே சொல்லட்டும்னு ஒரு வெளக்கு வெச்சிக்கிறான். அது வாய அடச்சிட்டு நான் ஓட்டணுமா? ஏன் எரியுதுன்னு பாரு. தெரிஞ்சா வண்டிய எடுக்கறேன், இல்லன்னா இங்கயே நிக்கட்டும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காஜா எங்கே ஓடிவிடப் போகிறது என்று அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மெக்கானிக் விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அவர் பார்த்துப் பழகிய வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே டப்பா, ஒரே வழி. எங்கே ஓட்டை விழுந்தாலும் மொத்த ஆயிலும் போய்விடும், நாலு சக்கரமும் சேர்ந்து கைவிரிக்கும். இந்தக் காரில் டப்பாவுக்கு நடுவே ஒரு தடுப்பு இருந்தது. ஒரு பாதி முன்சக்கரங்களுக்கு, மறு பாதி பின்சக்கரங்களுக்கு. இரண்டு பாதியிலிருந்தும் வந்த குழாய்கள் ஒரு பித்தளைக் கட்டையின் இரு முனையில் நுழைந்து வெளியேறின. ஒயர் அந்தக் கட்டையின் தலையில் திருகியிருந்த ஒரு ஸ்விட்சில் வந்து முடிந்தது.

ஸ்விட்சைக் கழற்றினார். அதன் அடியில் ஒரு சின்ன ஊசி. ஸ்விட்சை இரும்பில் படும்படி பிடித்துக்கொண்டு ஊசியை விரலால் அழுத்தினால் விளக்கு எரிந்தது; விட்டால் அணைந்தது. கழற்றிய துளைக்குள் மூன்று பேரும் முறை வைத்து எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு சின்ன உருளை படுத்திருந்தது. அதன் இடுப்பில் ஒரு பள்ளம். ஊசி அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும் போல. ஆனால் பள்ளம் துளைக்கு நேராக இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"பள்ளம் நவுந்ததால ஊசி மேல ஏறிச்சு, வெளக்கு எரியுது. சரி, அது ஏன் நவுந்துச்சு?" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தையல் மெஷினில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் முடிச்சு துணிக்கு நடுவில் மறைந்துகொள்ளும். ஒன்று தளர்ந்தால் மற்றது முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தையல் அசிங்கமாகத் தெரியும். இங்கேயும் அதே சங்கதிதான். முன்பக்க ஆயிலும் பின்பக்க ஆயிலும் அந்த உருளையை இரண்டு பக்கமிருந்தும் ஒரே பலத்தில் தள்ளினால் அது நடுவில் நிற்கும். ஒரு பக்கம் பலம் போனால் மறுபக்கம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று எடுக்கும்போது பின்பக்க நிப்பிளைத் திறந்துவைத்து ஓங்கி மிதித்தோமே, உருளைக்கு என்ன தெரியும்? பின்பக்கம் பிரேக் செத்துவிட்டது என்று நினைத்து ஓரமாகப் போய் விளக்கை எரியவிட்டது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. பின்பக்கம் சரியாகிவிட்டதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதை நான் நூலையும் துணியையும் வைத்துச் சொன்னதும் மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார். "அப்ப முன்பக்கம் தொறந்து வுட்டு மிதிச்சா திரும்பி வந்துரும்க்கா!"

முன்சக்கரத்து நிப்பிளைத் திறந்தார். டிரைவரண்ணன் மிதித்தார். விளக்கு அணைந்தது. மூவரும் வாயைத் திறப்பதற்குள் மறுபடி எரிந்தது. உருளை நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது பின்பக்கத்தைத் திறந்து மிதித்தார். அணைந்தது, எரிந்தது. லாரி மிதித்துப் பழகிய கால். மெதுவாக என்றால் அதற்குப் புரியவில்லை. இப்படியே முன்னும் பின்னுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஆயில்தான் கரைந்தது.

"எழுந்திருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தேன். வழுக்கும் சாட்டின் துணியில் முதல் தையல் விழும்போது மெஷின் பலகையை எப்படி மிதிப்பேனோ, அப்படி, நகர்கிறதா இல்லையா என்றே தெரியாமல் அழுத்தினேன். விளக்கு அணைந்தது. காலை அப்படியே நிறுத்திக்கொண்டு, "மூடு, மூடு!" என்று கத்தினேன். மெக்கானிக் நிப்பிளை மூடினார். காலை எடுத்தேன். விளக்கு அணைந்தே இருந்தது.

டிரைவரண்ணன் உள்ளே குனிந்தார். அந்த விளக்கின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். நான் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வேண்டிக்கொண்டேன். அதை அன்று மாலையே ஏற்றியும்விட்டேன்.

அதன் பிறகு அவர் ஓட்டுவதே மாறிவிட்டது. சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு ஒரு கணம் எரியும், இன்ஜின் கிளம்பியதும் அணையும். பல்பு உயிரோடு இருக்கிறது, பிரேக்கும் சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைப் பார்க்காமல் அவர் கியரைத் தொடமாட்டார். பார்த்துவிட்டால் பயமில்லாமல் ஓட்டுவார். மாட்டுவண்டிகளை நாங்கள் முந்த ஆரம்பித்தோம். பூக்கிரீடங்கள் தலையிலேயே இருந்தன. எந்த ஊரிலோ உட்கார்ந்து, பிரேக் போனால் ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்த அந்த முகம் தெரியாத மனுஷனை நான் எத்தனையோ முறை ஜெபத்தில் நினைத்திருக்கிறேன். பேர் தெரியாததால், "அந்த விளக்கு வைத்தவர்" என்றே கடவுளிடம் சொல்லுவேன். அவருக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மேஸ்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆமாம், லாரி ஷெட்டில் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னாரே, அதே மேஸ்திரி. திருவொற்றியூரில் வீடு. மகளுக்கு ராயபுரம் கோயிலில் கல்யாணம். பெண்ணையும் அழைத்துக்கொண்டு கவுனுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். காரும் வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக டிரைவர் யார் என்று கேட்டார். சொன்னேன்.

"அவனா? வேற ஆள வெச்சி அனுப்பும்மா. எம் பொண்ணு ஒக்கார்ற வண்டி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் முதலில் பேச முடியவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தும் குட்டித் தலையணையில் குத்திவிட்டுச் சொன்னேன்: "வண்டி வந்தா அவரோடதான் வரும் மேஸ்திரி. இல்லன்னா தெருவுல சைக்கிள் ரிக்‌ஷா நெறைய கீது."

"எனக்கு அந்த வண்டிதான் வேணும் நைனா," என்று பெண் இழுத்தாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

டிரைவரண்ணனிடம் சொன்னேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம் என்றேன்.

"வேணாம்னு இல்ல தங்கச்சி. அந்தாளு பின்னால ஒக்காந்துகினு என் காலையே பாத்துகினு வருவாரு. வழில எதுனா ஒண்ணு ஆச்சினு வெய்யி, அன்னிக்கும் இவந்தான், இன்னிக்கும் இவந்தான்னுவாங்க. அத்தோட சரி. அப்பறம் எவனும் எனக்கு ஒரு கட்டவண்டிகூட குடுக்க மாட்டான்."

கல்யாணம் ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது. காரின் கண்ணாடியில் என் ஜெபமாலை தொங்கும். ஆயுத பூஜைக்கு டயருக்கடியில் அவருடைய எலுமிச்சம்பழம் நசுங்கும். எங்கள் பக்கம் இதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. என் தையல் மெஷினுக்கும் அவரே வந்து பொட்டு வைத்துவிட்டுப் போவார். முந்தின நாள் காருக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. கல்யாணச் சவாரி ஆயிற்றே என்று காலையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாகக் குழைத்த சந்தனத்தை எடுத்து வந்தார். ஸ்டியரிங்குக்கு ஒன்று, வேகம் காட்டும் முள்ளுக்கு ஒன்று, பெட்ரோல் முள்ளுக்கு ஒன்று. கடைசியில் அந்தச் சிவப்பு விளக்கு. அதற்கு முன்னால் வந்ததும் அவர் கை நின்றது.

"நம்ப சாமிக்குப் பெருசா வைங்கண்ணே," என்றேன்.

அவருக்கும் அதுதான் மனசில் இருந்திருக்கிறது. விளக்கின் மேல் கட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம் வைத்தார். இரண்டு பேரும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். சாவியைத் திருப்பியபோது, வழக்கமாக விளக்கைப் பார்க்கிறவர் அன்று பொட்டைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

திருவொற்றியூரில் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் பெண்ணும் மேஸ்திரியும். முன்சீட்டில் நான், மடியில் அவளுடைய பூச்செண்டு. டிரைவரண்ணன் சொன்ன மாதிரியே மேஸ்திரி முன்னால் சாய்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே ஒடித்தது. டிரைவரண்ணன் ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது, பஸ் போனது. கால் அன்று கொஞ்சம் அதிகமாக இறங்கிய மாதிரி இருந்ததாகவும், விளக்கைப் பார்த்ததாகவும், அங்கே குங்குமம் மட்டுமே தெரிந்ததாகவும், சரி, மேஸ்திரி பின்னால் இருக்கும் பயத்தில் பழைய புத்தி திரும்பிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டதாகவும் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நான் ஒன்றும் தெரியாமல் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். துணியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். எல்லாப் பொட்டும் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. விளக்கின் மேல் வைத்தது மட்டும் ஓரத்தில் வெளுத்திருந்தது. எல்லாம் ஒரே கிண்ணத்துச் சந்தனம்தான், கட்டியாக வைத்தது வேறு கடைசியாக அல்லவா காய வேண்டும் என்று யோசித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்புக்குள் சிவப்பு நூல் ஒன்று தெரிந்தது. குங்குமம் இப்படி மினுங்காதே? சந்தனம் உள்ளிருந்து வரும் சூட்டில் அல்லவா காய்ந்திருக்கிறது!

"அண்ணே! வெளக்கு எரியுது! உள்ள எரியுது!"

அப்போது தூரத்தில் ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு நேராகக் கடைசியில் நின்றது இரும்புக் கம்பி ஏற்றிய மாட்டுவண்டி. கம்பிகள் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சரியாக எங்கள் கண்ணாடி உயரம்.

நான் கத்தியதும் டிரைவரண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கியரைக் குறைத்தார், கைபிரேக்கை இழுத்தார், காலால் மிதித்தார். மிதி இறங்கியது, இறங்கியது, எங்கோ ஆழத்தில் போய்ப் பிடித்தது. பாதி பிரேக். வண்டி நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கம்பி நுனிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. பூச்செண்டை நான் நசுக்கிவிட்டேன். சிவப்புத் துணி பானெட்டின் மேல் வந்து உரசியது. அங்கே நின்றது.

அப்புறம் எல்லோரும் இறங்கினோம். பின்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்து, நாங்கள் வந்த வழியெல்லாம் ஆயில் சொட்டியிருந்தது. டிரைவரண்ணன் பானெட்டைத் திறந்து பிரேக் டப்பாவின் மூடியைக் கழற்றினார். ஒரு பாதி காலி. மறு பாதி அப்படியே நிறைந்திருந்தது. மேஸ்திரி அதை எட்டிப் பார்த்தார். லாரி பிரேக்கோடு வாழ்ந்தவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிறகு காருக்குள் தலையை விட்டு, வெடித்த சந்தனத்துக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். விரலால் சந்தனத்தைப் பெயர்த்தெடுத்தார். விளக்கு முழுசாகத் தெரிந்தது.

"அன்னிக்கும் இப்டித்தான் எறங்குச்சா?" என்று தலையை வெளியே எடுக்காமலே கேட்டார்.

"அன்னிக்கு எங்கயுமே புடிக்கல மேஸ்திரி," என்றார் டிரைவரண்ணன். "அதுக்குப் பாதி கீதி எதுவும் இல்லியே."

மேஸ்திரி வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. மகள் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முன்னாலேயே சொன்னார். "அன்னிக்கு லாரில பைப்பு வெடிச்சிதான் இருந்துச்சு. நான்தான் ராவோட ராவா மாத்தி ஆயில் ஊத்தனேன். மொதலாளி சொன்னாரு, செஞ்சேன். உம்மேல பழி வரும்னு தெரியும். தெரிஞ்சிதான் செஞ்சேன்."

எனக்கு அந்த ஆளை அறைந்துவிடலாமா என்றிருந்தது. டிரைவரண்ணனைப் பார்த்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் வந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு நேரமாவுது மேஸ்திரி," என்றார். "ஏறுங்க."

ராயபுரம் கோயிலுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் இறங்கிய மணப்பெண் அந்த வருடம் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் நசுங்கிய பூச்செண்டோடு நான். பாதர் காத்திருந்தார். கவுனில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து துறைமுகத்து கேட் டீக்கடையில், ஷெட்டில், லாரி ஸ்டாண்டில் மேஸ்திரி அதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தார். கைவண்டிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சொன்னாராம். அந்த ஷெட்டில் அவர் வேலை போனது. அதற்குப் பிறகு எங்கள் டிரைவரண்ணனை வேலைக்குக் கூப்பிட எத்தனையோ பேர் வந்தார்கள். அவர் போகவில்லை. கார் பழசாகி விற்கும்வரை எங்களிடமே இருந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். விளக்குக்கு மட்டும் பக்கத்தில், தகரத்தின் மேல் வைப்பார். கண்ணாடியைத் துணியால் துடைத்து விடுவார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். அன்றைக்கு அந்த மேஸ்திரியை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே, உங்கள் பேரைக் கெடுத்தவர் அல்லவா, எப்படிச் சும்மா விட்டீர்கள்?

அவர் சிரித்தார். "லாரிக்கு வாய் இல்ல தங்கச்சி. மொதலாளி எதுக்க நிக்கும்போது மேஸ்திரிக்கும் வாய் இல்ல. இந்த வண்டிக்கு வெளக்கு எரிஞ்சிது. அத்தப் பாத்து அவருக்கும் எரிஞ்சிது. எனக்கு அது போதும்."